துணைக்கு வருபவர்

அன்றைக்கு நான் சிரித்திருக்கக் கூடாது. அம்மா வேடிக்கையாகத்தான் கேட்டாள், நானும் வேடிக்கையாகத்தான் பதில் சொன்னேன். ஆனால் சொல்லிவிட்டுச் சிரித்தேன். சிரிக்காமல் சொல்லியிருந்தால் சண்டைக்கு வந்திருப்பாள். சண்டை போட்டிருந்தால் மறந்திருப்பாள்.

வாயைத் திறக்காமல் இதைத் தனக்குள் சொல்லிக்கொண்டு அவள் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அறுநூற்றுப் பன்னிரண்டு வரிகள் கொண்ட பட்டியல். இருநூற்று நாற்பதாவது வரியில் அம்மாவின் அட்டை எண் இருந்தது.

அரசு ஒரு திட்டத்தில் இறங்குவதற்கு முன் அதனால் யாருக்கு என்ன லாபம், யாருக்கு என்ன நஷ்டம் என்று ஆராய்ந்து சொல்வது அவளுடைய அலுவலகத்தின் வேலை. பதினாறு வருடமாக அவள் அங்கே பொருளாதார ஆய்வாளர். நான்கு வருடத்துக்கு முன், ஏழு கிளை மருத்துவமனைகளை மூடிவிட்டு எல்லாவற்றையும் பெரிய மருத்துவமனையோடு சேர்க்கலாம் என்று அறிக்கை எழுதியவள் அவள்தான். நல்ல அறிக்கை என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள். மூடிய பிறகு என்ன ஆயிற்று என்று பார்க்கும் இரண்டாவது அறிக்கை இப்போது தயாராகியிருந்தது. வியாழக்கிழமை குழுவின் முன் வைக்க வேண்டும். மீதியிருக்கும் ஒன்பது கிளைகளை மூடுவதும் விடுவதும் அதைப் பொறுத்தது.

பட்டியலைக் கொண்டுவந்தவர் புள்ளிவிவரப் பிரிவுக்காரர். எந்த எண்ணையும் முழுசாக்க விடமாட்டார் என்பதால் அலுவலகத்தில் அவருக்குத் தசமம் என்று பெயர். கூப்பிட்டால் அதற்கே திரும்பிப் பார்ப்பார்.

"புது இடத்துக்கு வராம நிறுத்தினவங்க லிஸ்ட் மேடம் இது. பதினெட்டு புள்ளி மூணு ஏழு சதவீதம்."

"பதினெட்டுன்னு போட்டுடுங்க."

"பாவம் மேடம். அந்தப் புள்ளிக்குப் பின்னாடி பன்னெண்டு பேர் நிக்கிறாங்க."

அவள் சிரித்துக்கொண்டே பட்டியலைக் கீழே தள்ளினாள். பெயர்களை எடுத்துவிட்டு எண்களை மட்டும் விட்டிருந்தார்கள், யார் எவர் என்று யாருக்கும் தெரியக்கூடாது என்பதற்காக. அப்போதுதான் 471226 என்று கண்ணில் பட்டது.

அந்த எண் அவளுக்கு மனப்பாடம். அம்மா முப்பத்தொரு வருடம் தொலைபேசி நிலையத்தில் வெளியூர் அழைப்புகளை இணைத்துக் கொடுத்தவள். மருத்துவமனை ஜன்னலில் எண் கேட்டால் பழைய குரலில் சொல்வாள்: "நாலு ஏழு ஒண்ணு, ரெண்டு ரெண்டு ஆறு. லைன்ல இருங்க." உள்ளே இருப்பவர் விழிப்பார். பின்னால் நிற்கும் மகளுக்கு மானம் போகும்.

அந்த வரியின் கடைசிக் கட்டத்தில், கடைசியாக வந்த தேதி. அவள் அதை மூன்று முறை படித்தாள். அம்மா இறந்து பத்து மாதம். அந்தத் தேதி அதற்கும் ஏழு மாதம் முந்தையது.

"என்ன மேடம், ஏதாவது தப்பா இருக்கா?"

"இல்ல. நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்க."

அவர் தயங்கினார். அவரை டீ குடிக்கப் போகச் சொல்பவள் இல்லை அவள். ஆனாலும் போனார்.

*

அம்மாவின் இதயத்தில் ஒரு வால்வை மாற்றியிருந்தார்கள். அதற்குப் பிறகு ரத்தம் உறையாமல் இருக்க ஆயுள் முழுக்க ஒரு மாத்திரை. மாத்திரை கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. அதனால் மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம் கொடுத்து அளவு பார்க்க வேண்டும். அம்மா தனியாக இருந்த வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் கிளை மருத்துவமனை இருந்தது. அம்மா தனியாகப் போவாள், தனியாக வருவாள், வழியில் யாரிடமாவது வம்பளந்துவிட்டுப் பத்தரைக்கு வீட்டில் இருப்பாள். அது மூடிய பிறகு இரண்டு பஸ் மாற வேண்டும். இறங்கியதும் ஒரு மேம்பாலப் படிக்கட்டு. அதை அம்மாவால் தனியாக ஏற முடியாது.

முதல் மாதம் அவள்தான் அரைநாள் விடுப்புப் போட்டுக் கூட்டிப்போனாள். நடைக்கூடத்து பெஞ்சில் இரண்டு மணி நேரம். மடியில் கணினி. நான்கு தடவை ஃபோன் வந்தது. நான்கு தடவையும் எழுந்து ஜன்னல் பக்கம் போய்ப் பேசிவிட்டு வந்தாள். அம்மா டோக்கன் எண்ணைப் பார்க்கவில்லை, அவளுடைய ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது நன்றாக நினைவிருக்கிறது. அடுத்த மாதம் தங்கை கூட்டிப்போனாள். அதற்கப்புறம் தங்கைதான் போகிறாள் என்று அம்மா சொன்னாள்.

அதற்கெல்லாம் வெகுநாள் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதல் அறிக்கையின் அச்சுப்படி சாப்பாட்டு மேசையில் கிடந்தது. அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு பக்கத்தில் விரலை வைத்தாள்.

"இது என்னடி, நேரத்தோட மதிப்பு?"

"ஒருத்தர் பஸ்ல உட்கார்ந்திருக்கற நேரம் வீணாகுது இல்ல? அது எவ்வளவு பெறும்னு ஒரு கணக்கு."

"நல்லா கணக்குப் போட்டீங்க. நான் அந்தக் காலத்துல மூணு நிமிஷத்துக்கு ஒரு தடவை மணி அடிச்சு லைனைக் கட் பண்ணினவ. சரி, என்னோட ஒரு மணி நேரம் எவ்வளவு?"

"வேலைக்குப் போறவங்களுக்கு முழுசு. ரிட்டயர் ஆனவங்களுக்கு அதுல கால் பங்கு."

"சின்னப் பிள்ளைக்கே பஸ்ல அரை டிக்கெட். எனக்குக் கால் டிக்கெட்டா?"

அப்போதுதான் அவள் சிரித்தாள். தங்கையும் சிரித்தாள். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது அம்மா.

அது வீட்டுக்குள் ஒரு பழக்கமாகிவிட்டது. மின்கட்டண வரிசையா, தபால் நிலையமா, குழாய்க்காரர் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராத நாளா, "நீங்க முழு டிக்கெட்டுங்க ஓடுங்க, கால் டிக்கெட் பாத்துக்கறேன்" என்பாள். மகள்கள் ஓடினார்கள். வசதியாக இருந்தது. அம்மா கேலி செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஒரு விஷயத்தைக் கேலியாகவும் நம்பிக்கையாகவும் சேர்த்தே வைத்திருக்க முடியும் என்று அவளுக்குத் தோன்றியதில்லை.

*

மாடிப்படி வளைவில் நின்றுகொண்டு தங்கைக்கு ஃபோன் போட்டாள். தங்கை ஒரு அச்சகத்தில் பிழை திருத்துபவள், வேலை நேரத்தில் ஃபோனை எடுக்கமாட்டாள். இன்றைக்கு எடுத்தாள்.

"என்னக்கா, இந்த நேரத்துல?"

"ஒண்ணு கேக்கணும். அம்மாவை ரத்தம் பாக்க நீ எத்தனை தடவை கூட்டிட்டுப் போன?"

"நானா? ஒரு தடவை. ஏன்?"

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் நீதானே போன. அக்கா எல்லாச் செவ்வாய்க்கிழமையும் லேட்டாத்தான் ஆபீஸ் போறா, அவளே வந்துடறேன்னுட்டான்னு அம்மா சொன்னாங்க."

அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா?"

"எங்கிட்ட நீ போறதா சொன்னாங்க. உனக்கு அச்சகத்துல செவ்வாய்க்கிழமை வேலை கம்மின்னாங்க."

"செவ்வாய்க்கிழமையா? அன்னைக்குத்தான் எனக்கு மூச்சு விட நேரம் இருக்காது." தங்கை சின்னக் குரலில் கேட்டாள். "அப்போ யாரு போனது?"

அந்தப் பக்கம் அச்சு இயந்திரத்தின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இந்தப் பக்கம் யாரோ ஒரு கோப்புக் கட்டைத் தூக்கிக்கொண்டு அவளைத் தாண்டி மேலே போனார். அவள் சுவரோரம் ஒதுங்கி நின்றாள்.

"அம்மாவோட பை உங்கிட்டத்தானே இருக்கு?"

"கூடவே வெச்சிருக்கேன். மதியச் சாப்பாடு அதுலதான் கொண்டு வர்றேன். தப்பா நினைச்சுக்காத, நல்ல பை."

"உள் ஜிப்புல அட்டை இருக்கும். பாரு."

ஜிப் திறக்கும் சத்தம். தாள் பிரியும் சத்தம்.

"வருஷம் முழுக்கத் தேதி எழுதி வெச்சிருக்காங்க அக்கா, அவங்க கையெழுத்துல. முதல் ரெண்டுக்கு நேரா அளவு இருக்கு. மீதி..." தங்கை நிறுத்தினாள். "மீதி காலியா இருக்கு."

ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசி நாள். மூளையில் ரத்தக்கட்டி என்று சொல்லிவிட்டு டாக்டர் கேட்டார்: "கடைசியா எப்ப அளவு பாத்தீங்க?" இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "போன மாசம்" என்றார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்கூட. மற்றவள் போனதற்கு நன்றி சொல்வது போன்ற பார்வை அது. பொய் சொல்கிறோம் என்று இருவருக்குமே தெரியாது. டாக்டர் தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டார்.

அலுவலகத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு அவள் முதலில் சொல்லிக்கொடுப்பது, ஒரே நன்மையை இரண்டு இடத்தில் எண்ணிவிடாதே என்பது. இங்கே இரண்டு பேர் ஏழு மாதம் ஒரே பயணத்தை எண்ணிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பயணம் நடக்கவே இல்லை.

"ஃபோன்ல மூணு நிமிஷத்துக்கு மேல பேசமாட்டாங்களே அக்கா," என்றாள் தங்கை. "டயம் ஆச்சு வைக்கிறேன்னு வெச்சுடுவாங்க. நாமளும்..."

முடிக்கவில்லை. முடிக்க வேண்டியிருக்கவில்லை. அவர்களும் வைத்துவிடுவார்கள்.

*

இருக்கைக்குத் திரும்பியபோது மேசையில் அவளுக்கும் ஒரு டீ இருந்தது. தசமம் திரையைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

வேண்டாம் என்று நினைத்தும் மனம் கணக்குப் போட்டது. புது இடத்துக்குப் போய்வர எண்பது நிமிடம் அதிகம். ஒருவர் போவதை நிறுத்திவிட்டார் என்றால், அந்த எண்பது நிமிடத்தில் ஏதோ ஒரு நிமிடத்தில் அவருக்கு 'இதற்குமேல் போவதில் பிரயோஜனம் இல்லை' என்று தோன்றியிருக்க வேண்டும். எந்த நிமிடம் என்று யாருக்கும் தெரியாது. அதனால் நடுவில் வைத்துக்கொள்வது அவர்கள் துறையின் வழக்கம். பாதி விதி என்று சொல்வார்கள். எண்பதில் பாதி நாற்பது. ஓய்வு பெற்றவர் என்பதால் அதில் கால் பங்கு. பத்து நிமிடம். ஏழு மாதத்துக்கு எழுபது. அம்மா போகாமல் விட்டதனால் உலகத்துக்கு ஏற்பட்ட நஷ்டம் எழுபது நிமிடம் என்று இந்த அறிக்கை சொல்கிறது. அதைச் சொல்லச் சொல்லிக்கொடுத்தது அவள்தான்.

அவள் பழைய அறிக்கையைத் திறந்தாள். பயணச் செலவு அட்டவணை. ஏழாவது வரி: துணைக்கு வருபவர், ஒரு வருகைக்கு. அதற்கு நேராகச் சுழி.

"இந்தச் சுழி எங்கேருந்து வந்தது, ஞாபகம் இருக்கா?"

தசமம் எட்டிப் பார்த்தார். "கிளைகள்ல எடுத்த சர்வே மேடம். சுழி இல்ல அது. புள்ளி சுழி நாலு. நான் அப்படியே வெச்சிருந்தேன். நீங்கதான் சுழியாக்குங்க, படிக்கறவங்களுக்குக் குழப்பமா இருக்கும்னீங்க."

"கிளைக்கு எல்லாரும் தனியா வந்தாங்க."

"பக்கத்துல இருந்ததால வந்தாங்க."

"அந்த எண்ணையே தூரத்துல இருக்கற பெரிய மருத்துவமனைக்கும் போட்டுட்டேன்."

அவர் அந்த அட்டவணையை இன்னொரு தடவை மேலிருந்து கீழே படித்தார். பிறகு, "நானும் பாக்கல மேடம். தசமத்துக்காகச் சண்டை போட்டேன். எண்ணே வேற இடத்தோடதுன்னு தோணல," என்றார்.

அவருடைய எண்ணையே விட்டிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. தப்பு அதில் இல்லை. பக்கத்தில் இருக்கும் இடத்துக்குத் தனியாக நடந்து போகிறவர்கள் தூரத்து இடத்துக்கும் தனியாகவே போவார்கள் என்று எடுத்துக்கொண்டது தப்பு. வீட்டில் கண்ணாடியைத் தேடுவதற்கே துணைக்கு ஆள் கூப்பிடும் ஒரு அம்மாவை வைத்துக்கொண்டு அதை எழுதியிருக்கிறாள். எழுதியபோது வீட்டை நினைக்கவில்லை. வீட்டை நினைக்காமல் இருப்பதுதான் நேர்மை என்று அப்போது தோன்றியது.

அம்மாவும் கணக்குத்தான் போட்டிருக்கிறாள். தன் எண்பது நிமிடத்தை அவள் ஒரு பொருட்டாகவே எடுத்திருக்கமாட்டாள், அது கால் டிக்கெட். இந்தப் பக்கம் ஒரு மகளின் அரைநாள், அந்தப் பக்கம் இன்னொரு மகளின் அரைநாள், இரண்டும் முழு டிக்கெட். மகள் கொடுத்த விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு அம்மா போட்ட கணக்கில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் தாங்கமுடியவில்லை.

*

நான்கு மணிக்கு இயக்குநர் கூப்பிட்டார். நல்ல மனிதர். அவளுக்கு வேலை கற்றுக்கொடுத்தவர். அம்மாவின் காரியத்துக்கு வந்து கடைசிவரை நின்றவர். மேசையில் அறிக்கை தைத்துத் தயாராக இருந்தது. கையெழுத்துப் பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு மஞ்சள் சீட்டு.

"உட்காருங்க. படிச்சேன். சுத்தமா வந்திருக்கு. முதல் அறிக்கை உங்களோடதுங்கறதால உங்க கையெழுத்தும் இருந்தா குழுவுல யாரும் கேள்வி கேக்கமாட்டாங்க."

அவள் பதினோராவது பக்கத்தைத் திருப்பினாள். "இந்த வாக்கியம் சார். 'வருகை குறைந்திருப்பது, அவசியமற்ற வருகைகள் நீங்கியதையே காட்டுகிறது.'"

"ஆமா. வழக்கமா எழுதறதுதானே. அவசியம்னா வந்திருப்பாங்க."

"துணைக்கு ஆள் இல்லாம வராம இருந்திருக்கலாம். துணை வர்றவங்க நேரத்தை நாம கணக்குல சேர்க்கவே இல்ல. சுழின்னு போட்டிருக்கோம். நான் போட்டது."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அப்படியா. சரி, அதை ஒரு அடிக்குறிப்பாப் போட்டுடலாம்."

"அறுநூத்திப் பன்னெண்டு பேர்கிட்டயும் ஏன் வரலன்னு கேக்கணும் சார்."

"அது ஆறு மாச வேலை. வியாழக்கிழமை நாளைக்கு." அவர் குரலைத் தணித்தார். "பாருங்க, அந்த ஏழு கிளையை மூடினதுல மிச்சமானதுலதான் குழந்தைங்க வார்டு வந்தது. இருபது படுக்கை. நான் போய்ப் பாத்தேன். நீங்களும் பாத்தீங்க. அது பொய்யா?"

"பொய் இல்ல சார்."

உண்மையில் பொய் இல்லை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மூக்கில் குழாயோடு தூங்கிக்கொண்டிருந்த ஒரு குழந்தையை அவள் பார்த்திருக்கிறாள். அந்தக் குழந்தை பிழைத்திருக்கும். அதையும் அம்மாவையும் ஒரே தராசில் வைக்க அவளால் முடியாது. ஆனால் வைக்கத்தான் வேண்டும், வைப்பதுதான் அவள் வேலை, வேலையில் அவளுக்கு இப்போதும் நம்பிக்கை போகவில்லை. ஒருவேளை சரியாக எண்ணினாலும் மூடுவதே சரி என்று வரலாம். வரட்டும். ஆனால் அம்மாவைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டு, இங்கே எதுவும் இருக்கவில்லை என்று எழுத முடியாது.

"உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது அந்த லிஸ்ட்ல இருக்காங்களா?" என்றார் அவர் திடீரென்று.

ஆமாம் என்று சொன்னால் போதும். அவர் எழுந்து வருவார், வருத்தப்படுவார், உண்மையாகவே வருத்தப்படுவார். உங்களால் இதை நடுநிலையாகப் பார்க்க முடியாது, ஒரு வாரம் ஓய்வெடுங்கள் என்பார். வேறு யாரோ கையெழுத்துப் போடுவார்கள். அம்மா ஒரு தனிப்பட்ட சோகமாகிவிடுவாள். மீதி அறுநூற்றுப் பதினொரு பேரும் அவசியமற்ற வருகைகளாகவே நின்றுவிடுவார்கள். இல்லை என்று சொன்னால் அம்மாவை இன்னொரு தடவை விட்டுவிட்டு வந்த மாதிரி.

"லிஸ்ட்ல பேர் இல்ல சார்," என்றாள். "எண் மட்டுந்தான் இருக்கு."

அவர் அவளையே பார்த்தார். அறிக்கையை அவள் பக்கம் நகர்த்தி, மூடியைக் கழற்றிப் பேனாவை அதன்மேல் வைத்தார்.

"அடிக்குறிப்பு நானே நல்லா எழுதறேன். போட்டுடுங்க. மூணு நிமிஷ வேலைம்மா இது."

ஜன்னலுக்கு வெளியே பஸ் நிறுத்தத்தில் ஒரு கூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. கடைசியாக ஒரு பெண் தன் அம்மாவை முன்னால் ஏற்றிவிட்டு, படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அவள் ஏறுகிற வரை இவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு பேனாவை எடுத்தாள். மூடி எங்கே என்று தேடி, எடுத்துப் பொருத்தி, அவர் பக்கமே வைத்தாள்.

"இல்ல சார்," என்றாள். "நான் போடல."